பல்ஸ் 52

நர்சிங் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 27. வகுப்பில் பெரும்பாலோர் பள்ளியை முடித்த கையோடு வந்தவர்கள். முதல் நாளே எல்லோருக்கும் நான் அக்கா ஆகிவிட்டேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போனில் பேசித்தான் பிழைப்பு. வாடகையும் படிப்புக் கட்டணமும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வந்தாக வேண்டும், அதனால் வேலையை விட முடியவில்லை. மாலை 5 முதல் இரவு 11 வரை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் வகுப்பு, மாலையில் வேலை, அதற்கு மேல் படிப்பு. ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன், எல்லாம் அழகாகப் பொருந்தியது. தூக்கத்துக்கு அதில் கட்டமே இல்லை என்பது அப்போது கண்ணில் படவில்லை.

முதல் சில மாதங்கள் வகுப்பு மட்டும்தான், ஓரளவு ஓடியது. ஓடியது என்றால், எனக்கு அப்படித் தோன்றியது. உடற்கூறியல் நோட்டில் எலும்புக்கு ஒரு நிறம், தசைக்கு ஒரு நிறம் என்று பேனா மாற்றி மாற்றி எழுதுவேன். நோட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். முதல் உள்தேர்வில் இதயத்தின் வால்வுகளை ரத்தம் ஓடும் வரிசையில் எழுதச் சொன்னார்கள். நான்கு வால்வின் பெயரும் தெரியும், நிறமும் ஞாபகம் இருந்தது. வரிசைதான் வரவில்லை.

அப்புறம் கிளினிக்கல்ஸ், அதாவது மருத்துவமனை வார்டில் நேரடிப் பயிற்சி, தொடங்கியது.

காலை ஏழு மணிக்கு ஹேண்டோவர் (இரவு நர்ஸ் நோயாளிகளைக் காலை நர்ஸிடம் ஒப்படைப்பது) என்றால் ஆறரைக்கே வார்டில் இருக்க வேண்டும். அதற்கு நான் எழ வேண்டிய நேரம் 4:45. போய் வருகிற நேரத்தையும், சீருடை துவைத்து இஸ்திரி போடுகிற நேரத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கிளினிக்கல் முடிந்து வந்த இரவில் கேர் பிளான் (நோயாளிக்கு என்ன பிரச்சினை, அதற்கு என்ன பராமரிப்பு என்ற திட்டம்) எழுதும் நேரத்தையும் விட்டுவிட்டேன். ஒரு நோயாளிக்கு ஒழுங்காகக் கேர் பிளான் எழுத ஆரம்பத்தில் எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். இன்னொன்றும் உண்டு. தியரி வகுப்பைத் தவறவிட்டால் யாரிடமாவது நோட்டு வாங்கிக்கொள்ளலாம். கிளினிக்கல் மணி நேரத்துக்கு யாரிடமும் நோட்டு வாங்க முடியாது. எத்தனை மணி நேரம் என்று எண்ணிக் கையெழுத்து வாங்குவார்கள், விட்டதைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் பொது நர்சிங் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம், அதில் பாதியாவது கிளினிக்கல். எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் எந்த ஊரிலும் இந்தக் கணக்கில் சலுகை எதிர்பார்க்க முடியாது. வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்கள் இதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை, படிப்பு, கிளினிக்கல் மூன்றில் வளையாதது கிளினிக்கல்தான், அதனால் மற்ற இரண்டும்தான் வளைய வேண்டும்.

சேர்வதற்கு முன்பே தொடங்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வார்டுக்குப் போகும் முன் சான்று கேட்டால், இந்த முறையில் அவசரமாகப் போட்டு முடிக்க முடியாது. எனக்கு இது தெரியாமல் கடைசி நேரத்தில் ஓடினேன்.

முதல் வாரம் எனக்குச் சுவாசம் எண்ணவே வரவில்லை. கேட்க அற்பமாக இருக்கும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்று புத்தகத்தில் படித்தாயிற்று. நான் நோயாளியின் முன் நின்று நெஞ்சையே உற்றுப் பார்ப்பேன். அவர் உடனே மூச்சைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார், நீட்டி நீட்டி விடுவார். எட்டு வரும், சில சமயம் இருபத்தைந்து வரும். ஒரு சீனியர் சிஸ்டர் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நோயாளியின் மணிக்கட்டில் வைத்தார். "பல்ஸ் எண்ணி முடிச்சாச்சா? கையை எடுக்காதே. அவர் நீ இன்னும் பல்ஸ்தான் பார்க்கிறேன்னு நினைச்சுக்கட்டும். இப்ப நெஞ்சைப் பாரு." அந்த அரை நிமிடத்தில் கற்றது இன்றுவரை மறக்கவில்லை. நொடி முள் உள்ள கடிகாரம் ஏன் வாங்கச் சொன்னார்கள் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி அந்தப் பெரியவரின் கதை. எனக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி. எழுபதைத் தாண்டியவர், இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாக வெளித்தள்ளாத நிலை. கால் இரண்டும் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். அவருக்கு உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஃப்யூரோஸமைடு, இதயத்துக்கு டிகாக்சின். ஃப்யூரோஸமைடை ஏன் காலையில் கொடுக்கிறோம் என்று மருந்தியல் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அவரிடமே கேட்டேன். "ராத்திரி கொடுத்தா ரெண்டு மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும், நான் எப்பம்மா தூங்குறது?" என்றார். அந்தப் பக்கத்தை நான் திரும்பப் படிக்கத் தேவை ஏற்படவில்லை.

மூன்றாவது நாள். முந்தின நாள் காலை 4:45க்கு எழுந்தவள், வார்டு முடிந்து, வகுப்பு முடிந்து, இரவு 11 வரை போன் பேசி, வீடு வந்து அவருடைய கேர் பிளானை எழுதி முடித்தபோது மணி இரண்டு. மறுபடி 4:45க்கு அலாரம். மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. காலை மருந்துச் சுற்றில் சிஸ்டர் மேற்பார்வையில் நான் கொடுக்க வேண்டும். நோயாளி சரிதானா, மருந்து சரிதானா, அளவு, கொடுக்கும் வழி, நேரம் என்று ஐந்தையும் வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்தேன். ஐந்தும் சரி. டிகாக்சின் மாத்திரையைக் கிண்ணத்தில் எடுத்தேன்.

"பல்ஸ் எவ்வளவு?" என்றார் சிஸ்டர்.

"74 சிஸ்டர்."

"எப்ப பார்த்தது?"

சார்ட்டில் விடியற்காலை யாரோ எழுதிய எண் அது. நான் பார்க்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டெதஸ்கோப்பைக் காட்டினார். "நெஞ்சில வை. முழுசா ஒரு நிமிஷம்." வைத்தேன், எண்ணினேன். 52.

டிகாக்சின் இதயத்துடிப்பை மெதுவாக்கும் மருந்து. பெரியவர்களுக்குத் துடிப்பு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தேர்வில் வந்திருந்தால் எழுதியிருப்பேன். அதைவிட என்னை உலுக்கியது வேறு. இரண்டு நாளாக அவர் என்னிடம், "சாப்பாடே இறங்கலம்மா, வயித்தைப் புரட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிகாக்சின் உடம்பில் அளவுக்கு மேல் சேர்வதன் ஆரம்ப அறிகுறியே அதுதான். நான் அதைக் கேர் பிளானில் "பசியின்மை" என்று எழுதி, சிறிது சிறிதாக அடிக்கடி உணவு கொடுக்கவும் என்று ஒரு வரியும் சேர்த்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு. ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு கூடியிருந்தது, பொட்டாசியம் குறைந்திருந்தது. ஃப்யூரோஸமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் கொண்டுபோகும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை தலைதூக்கும். இரண்டு மருந்தையும் தனித்தனிப் பக்கத்தில் படித்தவளுக்கு இரண்டும் ஒரே ஆளின் உடம்புக்குள் போகின்றன என்பது உறைக்கவில்லை.

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சில நாளில் தேறி வீட்டுக்குப் போனார். சிஸ்டர் என்னைத் திட்டவும் இல்லை. சுற்று முடிந்த பிறகு கேட்டார், "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" சொன்னேன். "அப்ப நாளைக்கு எப்படி வரப்போறே?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை வேலைக்குப் போகும் வழியில் ஒன்று ஞாபகம் வந்தது. 1997இல் டாசனும் ரீடும் செய்த ஆய்வு, வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். 4:45க்கு எழுகிற எனக்கு 17 மணி நேரம் என்பது இரவு 9:45. அதற்கு மேலும் ஒன்றேகால் மணி நேரம் போன் பேசி, அப்புறம் உட்கார்ந்து கேர் பிளான் எழுதியிருக்கிறேன். குடித்துவிட்டு எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கேர் பிளான்.

பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதலில் தூக்கத்துக்குக் கட்டம் போட்டேன். மறுநாள் கிளினிக்கல் என்றால் 9:30க்குப் படுக்கை. அதைப் போட்டதுமே அந்த நாள்களில் மாலை வேலை நடக்காது என்பது தெரிந்துவிட்டது. எத்தனை திறமையாகத் திட்டமிட்டாலும் நடக்காது. இவ்வளவு நாள் நான் அதை ஒத்துக்கொள்ளாமல், என்னிடம்தான் ஒழுங்கு போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையிடத்தில் பேசியது தனிக் கதை. முதல் முறை சூப்பர்வைசரிடம், "சார், படிப்பு கஷ்டமா இருக்கு, கொஞ்சம் மணி நேரம் குறைச்சுக் கொடுங்க" என்றேன். எல்லோருக்கும்தான் கஷ்டம் என்றார், பேச்சு முடிந்தது. இரண்டாம் முறை, எந்த நாள் எந்த வார்டு என்று கல்லூரி தரும் மூன்று மாதப் போஸ்டிங் பட்டியலைக் கையில் கொண்டுபோனேன். எந்தெந்த நாள் வர முடியாது, அதற்குப் பதிலாக எந்த சனி, ஞாயிறு முழு ஷிஃப்ட் செய்வேன், யார் என்னோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள் என்று எழுதியே கொடுத்தேன். இந்த முறை ஒத்துக்கொண்டார். வாரம் 30 மணி நேரம் 18 ஆனது. சம்பளம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. அதை எப்படிச் சமாளித்தேன் என்றால், பாதி நாள் சமாளிக்கவில்லை. தனி அறையை விட்டு இரண்டு பேரோடு பகிர்ந்துகொண்டேன், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டேன், அம்மாவிடம் கடன் வாங்கினேன். கல்லூரி அலுவலகத்தில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

படிக்கும் முறையும் அந்த மாதம் மாறியது. வண்ணப் பேனாக்களை வகுப்புத் தங்கை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். நேரம் நிறைய இருப்பவர்களுக்கு இது ஒரு தகவல், அவ்வளவுதான். நேரம் இல்லாத எனக்கு அது உயிர்நாடி. வெற்றுத் தாளில் இதயத்தை வரைந்து ரத்தம் போகும் வழியைச் சொல்லிப் பார்ப்பேன், தப்பினால் மட்டும் புத்தகத்தைத் திறப்பேன்.

கூடவே ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு. பெயர், படுக்கை எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது, அந்த ரகசியம் நம்முடையது இல்லை. நோய் என்ன, என்ன மருந்து, அந்த மருந்தால் அவர் உடம்பில் நான் என்ன பார்த்தேன், எதைப் பார்க்கத் தவறினேன் என்பது மட்டும். முதல் பக்கம் அந்தப் பெரியவர். மருந்தியல் தேர்வுக்கு நான் முக்கியமாகப் படித்தது இந்த நோட்டைத்தான், பாடப் புத்தகத்தை இரண்டாவதாகத்தான் எடுத்தேன்.

கணக்கு மட்டும் பயணத்தில். பேருந்தில் உட்கார்ந்ததும் நானே ஒரு கேள்வி போட்டுக்கொள்வேன். 1,000 மில்லி டிரிப், 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. ஆயிரத்தை இருபதால் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இதையே சின்னச் சொட்டாக விடும் மைக்ரோ செட்டில், மில்லிக்கு 60 சொட்டு வைத்துப் போட்டால் 125 வரும். அதாவது மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இதை யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன் என்று ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தேன். பிறகு பார்த்தால் பாடப் புத்தகத்திலேயே பெட்டி கட்டிப் போட்டிருக்கிறது.

வார்டில் முதல் மரணத்தைப் பார்த்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஒரு அம்மா போய்விட்டார். சிஸ்டரோடு சேர்ந்து உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, வெள்ளைத் துணி போர்த்தினேன். கை இன்னும் சூடாக இருந்தது. அன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட். ஹெட்போனை மாட்டியதும் முதல் அழைப்பு, இணைப்பு இரண்டு நாளாக வரவில்லை என்று ஒருவர் கத்துகிறார். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. அவர் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட நாளில் விடுப்பு கேட்கத் தயங்குவதில்லை. குறைந்தபட்சம், வார்டை விட்டு வரும் முன் யாராவது ஒருவரிடம் உட்கார்ந்து பத்து நிமிடமாவது பேசிவிட்டுத்தான் கிளம்புவேன்.

இரண்டாம் ஆண்டில் போன் வேலையை விட்டு, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வார இறுதி உதவியாளராகச் சேர்ந்தேன். மணி நேரச் சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஆறு மணி நேரம் வேலை பார்த்தால் அதில் பாதி எனக்குப் படிப்பு. படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது புத்தகத்தில் ஒரு வரி. அங்கே அதை ஒரு நாளில் முப்பது தடவை செய்வோம். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி என்று எங்கே சிவக்கிறது, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறைகிறதா என்று பார்க்கக் கண் தானாகவே பழகியது. மறையாவிட்டால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை. மறதி உள்ளவரிடம் எப்படிப் பேசுவது, பெரிய உடம்பை முதுகு போகாமல் எப்படித் தூக்குவது என்பதெல்லாம் சம்பளத்தோடு வந்தது. வேலையை மாற்ற வழி இருந்தால் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நாள் இரவு ஆள் குறைவு. பொறுப்பில் இருந்தவர், "நீதான் நர்சிங் படிக்கிறியே, அந்த இன்சுலினை நீயே போட்டுடும்மா" என்றார். என்னால் முடியும், வார்டில் சிஸ்டர் பக்கத்தில் நிற்க எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனால் அங்கே என் வேலை உதவியாளர் வேலை. மாணவியாக இருக்கும்போது என் கைக்கு மேலே ஒரு பொறுப்பாளரின் கண் இருக்கிறது, இங்கே இல்லை. "மன்னிச்சுக்குங்க, அது என் வேலை வரம்புல இல்லை" என்றேன். முகம் சுளித்தார். அடுத்த மாதம் எனக்கு இரண்டு ஷிஃப்ட் குறைந்தது, காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை. படிப்பு முடியும் முன்பே, நர்ஸாகப் பதிவு கிடைப்பதற்குத் தடங்கல் வந்துவிடக்கூடாது, அதைவிட இரண்டு ஷிஃப்ட் போனது மலிவு.

நைட் போஸ்டிங்கை இன்னும் நான் சரியாகக் கையாளவில்லை. காலையில் வெளிச்சத்தோடு வீடு வந்து படுத்தால் பதினோரு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் வேறு அறையில், வரும் வழியில் வண்டி ஓட்டுவதில்லை, முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரத் தூக்கம். இவற்றால் பாதி சரியாகிறது. நைட் நடக்கும் வாரத்தில் வேலை எடுப்பதே இல்லை என்பதுதான் உண்மையில் கைகொடுத்தது.

நேற்று அடுத்த மூன்று மாதப் பட்டியல் வந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவு, நடுவில் ஆறு நைட், கடைசி நைட் முடிந்த இரண்டாம் நாளே குழந்தைகள் நலத் தேர்வு. தூக்கத்துக்குக் கட்டம் போட்டு, வர முடியாத மூன்று வார இறுதிகளை வட்டமிட்டு, இல்லத்துப் பொறுப்பாளருக்கு இரவே அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.